அம்மன் குதிரைக்கு வாங்கிய ஈர மெசின்

பனி உருகி, உருகிய தண்ணீரை நிலம் குடித்து முடிக்காத ஒரு சித்திரை மாதத்தில், கனடாவின் ஸ்காபரோவில் பவளராணியின் வீட்டுக்குக் கீழே இருந்த பேஸ்மென்றில் குளிர்காலத்துக்காக இறக்கி வைத்திருந்த அம்மன் கோயில் மரக்குதிரை கர்ப்பமாயிற்று. அதை முதலில் கண்டவள் பவளராணிதான். ஆனால் அவள் அதைக் கர்ப்பம் என்று நினைக்கவில்லை. சுவரெல்லாம் வேர்த்து, அரிசி மூட்டையின் அடியில் பூஞ்சணம் பிடித்து, தோய்த்துப் போட்ட உடுப்பு காயாமல் மணக்கத் தொடங்கிய பேஸ்மென்றில் மரம் ஊதாமல் வேறு என்ன செய்யும் என்று, குதிரையின் வயிற்றை ஒரு பழைய துவாயால் துடைத்துவிட்டு மேலே போய் சோறு வடித்தாள்.

கோயில் என்றால் கோபுரம் வைத்த கோயில் இல்லை. கார் ரயர் கடைக்கும் திரைச்சீலைக் கடைக்கும் நடுவில் வாடகைக்கு எடுத்த ஒரு பண்டகசாலை, அதற்குள் அம்மன் இருப்பதற்கே இடம் மட்டுமட்டு. ஆகவே திருவிழாக்காலம் முடிந்ததும் வாகனங்களை நிர்வாகசபைக்காரர் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். மயில் செயலாளர் யோகநாயகத்தின் கராஜுக்குப் போகும், சிங்கம் மார்க்கம் பக்கம் ஒரு வீட்டு விறாந்தைக்குப் போகும், எலி யாரோ ஒருவருடைய கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொள்ளும். வேட்டைத் திருவிழாவன்று அம்மன் ஏறிவரும் குதிரைதான் எல்லாவற்றிலும் பெரியது என்பதால் அது தலைவர் தர்மகுலசிங்கத்தின் வீட்டுக்கு வந்தது. தலைவர் பதவி அவருக்கு, குதிரையைத் துடைக்கிற வேலை அவருடைய மனைவி பவளராணிக்கு.

இன்னொரு நாள் அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று துவாயைத் திருப்பித் தள்ளியது. பவளராணி இரண்டு பிள்ளை பெற்றவள். அந்தத் தள்ளல் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

“இஞ்சேருங்கோ, குதிரை உதைக்குது.”

“காலாலையோ?” என்று கேட்டார் தர்மகுலசிங்கம்.

“இல்லை, உள்ளுக்கை இருந்து.”

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, கண்ணாடிக்கு அங்கே வேலை இல்லை என்று கண்டு அதைக் கழற்றி, குதிரையின் வயிற்றில் காதை வைத்தார். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. “ஆருக்கும் சொல்லிப்போடாதை” என்று மனைவிக்குச் சொன்னார். பின்னேரத் தேத்தண்ணி கொதிப்பதற்கு முன்பே யோகநாயகத்துக்கு ரெலிபோனில் சொல்லிவிட்டார்.

அந்த வார இறுதியில் வீட்டு வாசலில் சப்பாத்துகள் குவிந்தன. பெண்கள் வந்தார்கள், வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஒருத்தி கொள்ளு அவித்துக்கொண்டு வந்தாள், ஒருத்தி மாங்காயைக் கீறி உப்பும் தூளும் தடவிக்கொண்டு வந்தாள், ஒருத்தி கர்ப்பிணிக்கு நல்லதென்று மாதுளம்பழம் உடைத்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் குதிரையின் வாய்க்கு நேரே வைத்தார்கள். வாய் செதுக்கினபடியே மூடியிருந்தது, ஆனால் விடிய வந்து பார்த்தால் தட்டு வெறுமையாக இருந்தது, மாதுளைத் தோல் மட்டும் ஒரு பக்கமாக ஒதுக்கிக் கிடந்தது. எத்தனை மாசம், இறக்கம் எப்படி, பொம்பிளைப் பிள்ளையா ஆம்பிளைப் பிள்ளையா என்று வயிற்றைத் தடவித் தடவிக் கதைத்தார்களே ஒழிய, மரத்துக்கு எப்படி வயிறு வந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. தகப்பன் யார் என்று மட்டும் ஒரு சின்னப் பேச்சு எழுந்தது. சிங்கத்தையும் மயிலையும் கொஞ்சநாள் ஐமிச்சத்தோடு பார்த்தார்கள், பிறகு அவை குளிர்காலம் முழுக்க வேறு வேறு வீட்டில் இருந்ததை நினைத்து விட்டுவிட்டார்கள்.

ஆண்களுக்குத்தான் சங்கடம். பத்து வருடமாக அதை ஆண் குதிரை என்று சொல்லித் தோளில் சுமந்தவர்கள் அவர்கள். இடுப்பில் கட்டியிருந்த பட்டுத்துணியைத் தூக்கிக் குனிந்து பார்த்தார்கள். சிற்பி அந்த இடத்தில் எதுவுமே செதுக்காமல் வழவழப்பாக விட்டிருந்தார். துணியை இறக்கிவிட்டு ஆளையாள் பார்க்காமல் படியேறிப் போனார்கள்.

ஆனால் நிர்வாகசபையை நித்திரையில்லாமல் ஆக்கியது குதிரையின் கர்ப்பம் இல்லை, அதற்குப் பின்னால் வரப்போகிற துடக்கு, அதாவது தீட்டு. பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அந்த வீட்டார் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. பிறப்பது கோயில் குதிரைக்கு என்றால், துடக்கும் கோயிலுக்கு, கோயிலைப் பூட்ட வேண்டும், ஆடியில் திருவிழா, ஊரிலிருந்து மேளகாரருக்கு வீசா எடுத்தாயிற்று, வீதியில் அம்மன் போக நகரசபையிடம் அனுமதியும் வாங்கியாயிற்று. தலைவர் வீட்டு விறாந்தையில் கூட்டம் கூடியது. பவளராணி தேத்தண்ணியும் றோல்ஸும் கொண்டுவந்து கொடுத்தாள்.

யோகநாயகம் ஒரு காலத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர், ஆகவே ஈரம் சம்பந்தமாகத் தான் வாய் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடவேண்டும் என்று நினைப்பவர்.

“ஈரத்தாலை வந்தது. ஈரம் போனால் போயிடும். உதுக்கெண்டே மெசின் இருக்கு, டிஹியுமிடிபையர். காத்திலை இருக்கிற தண்ணியை உறிஞ்சி எடுத்துப்போடும். வாங்கி வைச்சு விட்டால் திருவிழாவுக்கு முதல் வயிறு வத்தியிடும்.”

“வயிறு வத்தும், சரி” என்றாள் பவளராணி, தட்டைக் கையில் பிடித்தபடியே. “வயித்துக்கை இருக்கிறது?”

யாரோ ஒருவர் இன்னொரு றோல்ஸ் எடுத்தார்.

பிறகு மெசினின் அளவைப் பற்றி ஒரு பெரிய சண்டை நடந்தது. சின்னது போதும் என்றார்கள், போதாது என்றார்கள், மைத்துனன் வீட்டில் ஒன்று இருக்கிறது அது கத்துகிற கத்தலில் அயலவர் பொலிசைக் கூப்பிட்டார்கள் என்றார்கள். கடைசியில், இருக்கிறதிலேயே பெரியது, தண்ணியை ஹோஸ் வழியாகத் தானே நிலத்துக் குழாய்க்குள் இறக்கிவிடுவது, இரவு பகல் ஓயாமல் ஓடுவது என்று தீர்மானமாயிற்று. அளவு சொல்ல எல்லாருக்கும் வாய் இருந்தது, போய்த் தூக்கிக்கொண்டு வருவதற்கு வான் இருந்தது பவளராணியிடம்தான்.

சிவபாலனின் கடை ஒரு பிளாசாவின் மூலையில், புடவைக்கடைக்குப் பக்கத்தில் இருந்தது. பிரிட்ஜும் அடுப்பும் வொஷிங் மெசினும் விற்கிற மனிதர், ஐம்பது வயது, பொருளை விற்பதைவிட விளங்கப்படுத்துவதில் விருப்பம் கூடியவர். குதிரையின் விசயம் அவருக்கும் வந்துவிட்டிருந்தது.

“வாங்கோ அக்கா. சுகமாய் இருக்கிறாவோ?” என்று கேட்டார். கேட்டது யாரை என்று பவளராணிக்கு விளங்கியது.

“சாப்பிடுறாள். பேஸ்மென்ற்தான் சரியான ஈரம். சுவர் வேர்க்குது.”

சிவபாலன் மெசின்களை வரிசையாகக் காட்டிக்கொண்டு போனார். சின்னது ஒரு அறைக்குத்தான் காணும், பெரிய பேஸ்மென்றில் வைத்தால் அது மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஓடி கரண்ட் பில்லைத்தான் ஏற்றும். நிலத்துக்குக் கீழே குளிர் என்பதால் சிலது உள்ளே ஐஸ் கட்டி நின்றுவிடும், தானாக ஐஸை உருக்குகிறதாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முள்ளைத் திருப்பி வைக்கலாம். ஐம்பதில் வைத்தால் மனிசருக்கு நல்லது, பூஞ்சணமும் வராது.

“நாப்பதுக்குக் கீழை மட்டும் இறக்கிப்போடாதையுங்கோ. மரச்சாமான் வெடிச்சுப் போகும்.”

“மரம் வெடிக்குமோ?”

“கெதியாய்க் காஞ்சால் வெடிக்கும்தானே அக்கா. கதவு, மேசை எல்லாம்…” சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்த மெசினின் தூசியைக் கையால் துடைத்தார்.

கமிட்டி சொன்ன பெரிய மெசினின் முன்னால் பவளராணி நின்றாள். அதன் பின்பக்கத்து ஹோஸ் பாம்பு போலச் சுருண்டு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொன்று, ஹோஸ் இல்லாமல், அடியில் ஒரு வாளியோடு இருந்தது.

“உது பழைய மாதிரி. ஹோஸ் பூட்டேலாது. தண்ணி வாளிக்கை விழும், வாளி நிரம்பினால் மெசின் தானாய் நிண்டிடும். சனத்துக்கு உதாலைதான் விருப்பமில்லை. வேலையாலை வந்து பாத்தால் மெசின் நிண்டுபோய்க் கிடக்குமாம்.”

“நிண்டால்?”

“ஆரும் ஊத்தி விடுமட்டும் நிக்கும்.”

“நிறைஞ்ச வாளியோடை எத்தினை நாளும் நிக்குமோ?”

“எத்தினை நாளும் நிக்கும்.”

“உதைத் தாங்கோ.”

“யோகண்ணை ஹோஸ் உள்ளதைத்தான் குடுக்கச் சொல்லி ரெலிபோன் எடுத்தவர்.”

“அவரோடை நான் கதைக்கிறன், நீங்கள் வானுக்கை ஏத்துங்கோ” என்றாள் பவளராணி. முப்பது வருடமாக சபைக்காரருக்குத் தேத்தண்ணி ஊற்றியவள், அவர்கள் சொன்ன ஒன்றைச் செய்யாமல் விட்டது அதுவே முதல் தடவை.

யோகநாயகம் வந்து பார்த்தார், வாளியைக் கண்டார், குதித்தார். பவளராணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “அம்மன்ரை வாகனத்தின்ரை உடம்பிலை இருந்து வாற தண்ணி அண்ணை. அதை உடுப்புத் தோய்ச்ச தண்ணி போற குழாய்க்கை விடச் சொல்லுறியளோ? நீங்கள் சொன்னால் நான் இப்பவே கொண்டுபோய் மாத்திக்கொண்டு வாறன்.” யோகநாயகம் வாளியை இன்னொருமுறை பார்த்தார். “அதுவும் சரிதான்” என்றார். தன் உத்தி பலித்துவிட்டதென்று பவளராணி அன்றைக்கு ஒரு கோப்பி போட்டு ஆறுதலாகக் குடித்தாள்.

ஆனால் அவள் தன் சனத்தை மறந்துபோனாள். வாகனத்தின் உடம்பிலிருந்து வருகிற தண்ணி என்று அவளே சொன்ன சொல் ஒரு நாளைக்குள் ஊரெல்லாம் சுற்றிவந்தது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் போத்தலோடு ஆட்கள். முழங்கால் வலிக்காரர், வீசா முடிவுக்குக் காத்திருப்பவர், கார் ஓட்டும் பரீட்சையில் தவறியவர், கலியாணம் சரிவராதவர் என்று எல்லாருக்கும் அந்தத் தண்ணி வேண்டியிருந்தது. வாளி பாதி நிரம்புவதற்குள்ளேயே யாரோ பக்தியோடு அதைக் கழற்றி ஊற்றி, கழுவித் துடைத்துத் திரும்பச் செருகினார்கள். நிற்பதற்கென்று பார்த்து வாங்கிய மெசின் இரவு பகல் நிற்காமல் ஓடியது. சுவர் காய்ந்தது, அரிசி மூட்டை காய்ந்தது, உடுப்பு ஒரே நாளில் மொறுமொறுவென்று காய்ந்தது. யோகநாயகம் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு போனார். குதிரையின் கழுத்தில் பூசியிருந்த வெள்ளைப் பெயின்ற் மயிர்போல வெடித்தது. கொள்ளுத் தட்டில் கொள்ளு அப்படியே கிடந்தது.

ஒரு நாள் காலை அவள் வயிற்றில் கையை வைத்தபோது உதை வரவில்லை. பவளராணி கையை எடுக்காமல் நின்றாள். மெசின் உறுமிக்கொண்டிருந்தது. கனநேரம் கழித்து, நித்திரையில் புரள்வது போல, மிகவும் மெலிந்த ஓர் அசைவு வந்தது. பவளராணிக்கு அழுகை வந்தது, அழுதாள். தன்னால்தான், தன்னுடைய கெட்டித்தனத்தால்தான் இது வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடுப்புத் தோய்க்கிற தொட்டியின் பைப்பைத் திறந்து ஒரு செம்பில் தண்ணி பிடித்து, மெசினின் வாளிக்குள் அது தளும்பும்வரை ஊற்றினாள். மெசின் ஒரு விக்கல் விக்கி நின்றது.

அன்றிலிருந்து யார் வந்து வாளித் தண்ணியை எடுத்துப்போனாலும், அவர்கள் படியேறி முடிவதற்குள் அவள் பைப்பைத் திறந்து நிரப்பிவிடுவாள். நகரசபைத் தண்ணியைத்தான் சனம் போத்தலில் கொண்டுபோனது. ஒருவர் கார்ப் பரீட்சையில் தேறினார், ஒருத்திக்கு வீசா வந்தது, யோகநாயகத்தின் முழங்கால்கூடக் கொஞ்சம் மடங்கத் தொடங்கியது. பவளராணி எல்லாரையும் பார்த்துத் தலையாட்டினாள்.

தர்மகுலசிங்கம் ஒரு நாள் வேலையால் நேரத்தோடு வந்தவர், செம்பும் கையுமாக அவளைக் கண்டார்.

“என்னப்பா செய்யிறாய்?”

“ஊத்துறன்.”

“வாளியை வெறுமையாக்கிறதெல்லோ. நிரப்பிறதில்லை.”

“தெரியும்.”

அவர் கோயில் பூட்டப்படுவதை நினைத்தார், மேளகாரரை நினைத்தார், பதவி போவதையும் போன பிறகு சனம் கதைக்கப்போகிற கதையையும் நினைத்தார். பிறகு போய்க் குதிரையின் வயிற்றில் காதை வைத்தார். இந்தமுறை வெகுநேரம் வைத்திருந்தார். மேலே போய், குளிர்காலத்தில் ஹீற்றர் காற்றுக்குத் தனக்கு மூக்கால் இரத்தம் வருகிறதென்று வாங்கிய, காற்றில் ஈரப்புகை விடுகிற சின்ன மெசினைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். அதைக் குதிரையின் வயிற்றுக்குக் கீழே வைத்து, தண்ணி நிரப்பி, சுவிச்சைப் போட்டார். வெள்ளைப் புகை எழுந்து மரத்தின் வயிற்றைத் தடவியது. ஈரத்தை எடுக்கிற மெசின் ஒரு பக்கமும் ஈரத்தைக் கொடுக்கிற மெசின் மறுபக்கமுமாகப் புருசனும் பெண்சாதியும் நின்றார்கள். இதை அவர் யாருக்கும் ரெலிபோனில் சொல்லவில்லை.

கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்க, ஒரு சனிக்கிழமை மத்தியானம், வொஷிங் மெசின் சுற்றிக்கொண்டிருந்தபோது குதிரை பெற்றது. மாரிகாலத்தில் ஊதி இறுகிய கதவை இழுத்துத் திறக்கிற சத்தம் கேட்டு, மேலே கோயிலுக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியும் கையுமாக இறங்கி ஓடினார்கள். குட்டி நனைந்துபோய் நின்றது. பெயின்ற் இல்லை, கண் எழுதவில்லை, வெளிர் மஞ்சளில் ரேகை ஓடுகிற பச்சை மரம், முழங்காலில் ஒரு கணு. நாலு காலும் நாலு பக்கம் போகப் பார்த்தன. தாயின் வயிற்றில் கீறலும் இல்லை, வெடிப்பும் இல்லை. ஒருத்தி குட்டியைத் துடைத்தாள், ஒருத்தி நேரம் பார்த்தாள், ஒருத்தி மேலே போய்ப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்கை இடிக்கத் தொடங்கினாள். பவளராணி சுவரில் சாய்ந்து நின்று சிரித்தாள், அவளால் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை.

பின்னேரம் நிர்வாகசபை வந்தது. யோகநாயகம் குட்டியைப் பார்த்தார், தளும்புகிற வாளியைப் பார்த்தார், புகை விடுகிற சின்ன மெசினைப் பார்த்தார்.

“உது ஆர் வைச்சது?”

“நான்” என்றார் தர்மகுலசிங்கம். “நான்” என்றாள் பவளராணி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

யோகநாயகம் கையை உயர்த்திக்கொண்டு பெரிய சத்தத்தில் தொடங்கினார். கோயிலைப் பூட்டுங்கோ, மேளத்தைத் திருப்பி அனுப்புங்கோ, இனி இந்த வீட்டு வாசலில்… அதற்குள் படியில் குருக்களின் காலடி கேட்டது. தகவல் அவருக்கும் போயிருந்தது. தலை இடிக்காமல் குனிந்து இறங்கிய குருக்கள், குட்டியை முன்னாலும் பின்னாலும் பார்த்து, அதன் காதைத் தடவிவிட்டு, அரிசி மூட்டையில் உட்கார்ந்தார்.

“குதிரை ஆற்றை?”

“அம்மன்ரை, ஐயா” என்றார் யோகநாயகம்.

“அப்ப துடக்கு ஆருக்கு?”

ஒருவரும் அதை அந்த வழியில் யோசித்திருக்கவில்லை.

“ஒரு வீட்டிலை பிள்ளை பிறந்தால் அந்த வீட்டாருக்குத்தான் துடக்கு. அயலட்டைக்கு என்ன? நீங்களும் நானும் அயல். துடக்கு அம்மாளுக்கு.” குருக்கள் சால்வையால் முகத்தைத் துடைத்தார். “துடக்குக்காரர் ஒண்டாய் ஒரு வீட்டிலை இருக்கிறதுக்கு ஒரு தடையும் இல்லை. தாயையும் பிள்ளையையும் அங்கை கொண்டுபோகேலாது எண்டால் அம்மாளை இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ. முப்பத்தொண்டுக்கு இஞ்சை இருக்கட்டும்.”

அந்த வருடத் திருவிழா பேஸ்மென்றில் நடந்தது. சனம் படியிலும், படி தாண்டி வாசலிலும், வாசல் தாண்டி நடைபாதையிலும் வரிசையாக நின்றது. முன்வீட்டுச் சீனக் கிழவர் வெயிலுக்குத் தன்னுடைய கூடாரத்தைக் கொண்டுவந்து அடித்துக் கொடுத்தார். நாதஸ்வரக்காரர் கூரை தட்டாமல் குந்தியிருந்து வாசித்தார். வேட்டைத் திருவிழாவன்று அம்மன் பட்டுடுத்திக் குதிரையேறி, வொஷிங் மெசினையும் பிறீசரையும் ஹீற்றரையும் சுற்றி வந்தாள். மற்ற வருடங்களில் தூக்குகிறவர்கள் ஓடுவார்கள், குதிரையைத் துள்ள வைப்பார்கள். இந்த வருடம் குட்டி தள்ளாடி நடக்கிற வேகத்துக்கு மேலே தாய் ஓரடியும் நகரமாட்டேன் என்று பாரமாகிவிட்டாள். ஆகவே அத்தனை ஆண்களும் வியர்க்க வியர்க்கக் குழந்தை நடையில் நடந்தார்கள். ஈர மெசினை யோகநாயகமே கழற்றிக் கராஜில் கொண்டுபோய் வைத்தார். பிள்ளை பெற்றவள் இருக்கிற அறைக்குள் அந்தக் குளிர்காற்று கூடாதென்று தனக்கு முதலே தெரியும் என்றார்.

துடக்குக் கழிந்த அன்று குட்டிக்குப் பெயின்ற் அடிக்க ஆள் வந்தார். வெள்ளை பூசி, கண் எழுதி, குளம்புக்குக் கறுப்படித்து முடித்தபின் ஒரு வேலை மிச்சமிருந்தது. கோயிலில் மணியிலிருந்து சப்பாத்து வைக்கிற தட்டுவரை எல்லாவற்றிலும் அதைத் தந்த குடும்பத்தின் பெயர் உபயம் என்று எழுதியிருக்கும். எழுதாத பொருள் கோயில் பொருளாகாது. ஆற்றை உபயம், எந்தக் குடும்பம் என்று பெயின்ற்காரர் கேட்டார். மூன்று நாலு குடும்பத்தின் பெயர் மளமளவென்று வந்து விழுந்தது. யோகநாயகம் கையை அமர்த்தினார்.

“பவளராணி குடும்பம் எண்டு போடுவம். நான் வாளியையும் மறந்திட்டன், புகையையும் மறந்திட்டன்.”

சனம் கைதட்டியது. தர்மகுலசிங்கத்தின் முகம் மலர்ந்தது. பவளராணி கைதட்டவில்லை.

“நொந்து பெத்தது நானோ?” என்றாள். “பெத்தவள் உதிலை நிக்கிறாள். அவளின்ரை பேரை எழுதுங்கோ.”

பெயின்ற்காரர் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு, “பேர் என்ன?” என்று கேட்டார். பத்து வருடம் தோளில் சுமந்தவர்கள், விளக்கு வைத்தவர்கள், கொள்ளு அவித்தவர்கள், வயிற்றில் காது வைத்தவர்கள் என்று ஒருவருக்கும் அவளுக்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றியிருக்கவில்லை. பெயின்ற்காரர், தூரிகையிலிருந்து சிவப்பு சொட்டத் தொடங்கியதும் குனிந்து, குட்டியின் விலாவில், “உபயம்: தாய்” என்று எழுதினார்.